கண்ணாடி மூலையில் ஆறு கீறல்

“அழகு, பிளேடு இருக்கா?”

“எதுக்குங்கய்யா?”

“இருக்கா, இல்லையா?”

“எதிர்த்த கடையில வாங்கியாரேன். எதுக்குன்னு சொன்னீங்கன்னா சேவிங் பிளேடா, கட்டரான்னு பாத்து வாங்குவேன்.”

“சேவிங் பிளேடே போதும். கழுத்த அறுக்க இல்ல, பயப்படாத. ஸ்டிக்கர் அறுக்க.”

கோச்சடையில் பதினாறு வீடுகள் கொண்ட அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் சௌரிராஜன். ஜவுளிக் கடையை மகன் கோகுல்நாத்திடம் விட்டுவிட்டு வந்தவருக்குக் கடையில் செலுத்திய அதிகாரம் முழுவதும் மிச்சமிருந்தது. அதைத்தான் இப்போது வாகன நிறுத்தத்தில் செலுத்திக்கொண்டிருந்தார். அழகுமலை அவருடைய கார் ஓட்டுநர். பதினோரு வருடமாக, அவனியாபுரத்திலிருந்து தினம் காலையில் எட்டு மணிக்கு வந்து நிற்கிறவர்.

பக்கத்தில் மூன்றாம் மாடி ராகேஷ் நின்றிருந்தான். அவன் காரில்தான் திருட்டு நடந்திருந்தது.

“ஜன்னலை நாலு விரக்கடை எறக்கி வச்சிருந்தேன் அங்கிள். அம்புட்டுத்தான். உள்ள புது ஸ்பீக்கர் இருக்கு, கூலிங் கிளாஸ் இருக்கு. ஒண்ணத் தொடல. ஸ்டிக்கர மட்டும் அலுங்காம உரிச்சிட்டுப் போயிருக்கான்.”

முன்னும் பின்னும் உள்ள நம்பர் பலகைகள் போக, முன் கண்ணாடியின் உட்பக்கம் இடது மூலையில் ஒட்டியிருக்கும் பதிவு ஸ்டிக்கர் அது. உள்ளங்கை அகலம். வண்டி எண்ணும் எஞ்சின் எண்ணும் பொடியாக அச்சிட்டு, ஓரத்தில் மினுமினுக்கும் முத்திரை. திருட்டு வண்டியில் அதை ஒட்டிவிட்டால் ஒரு பார்வைக்குச் சந்தேகம் வராது என்று ராகேஷிடம் யாரோ சொல்லியிருந்தார்கள்.

“எனக்கு வாட்ஸ்அப்ல வந்துச்சு,” என்றார் சௌரிராஜன். “வெளிநாட்டுல ஸ்டிக்கர் ஒட்டுன உடனே குறுக்கும் நெடுக்குமா பிளேடால கீறி விட்டுருவானாம். எவனாவது உரிச்சா முழுசா வராது, துண்டு துண்டா வரும். அத வச்சுத் திருடன் என்ன பண்ணுவான், புளியோதரைக்குத் தாளிப்பானா?”

“இதே உரிச்சா கிழியிற மாதிரி செஞ்சதுதாங்கய்யா,” என்றார் அழகுமலை.

“அப்ப ராகேஷோடது எப்படிப் போச்சாம்?”

“அவுக வண்டி வெட்டவெளியில நிக்கிது. சித்திரை வெயிலுக்குப் பசை கூழாக் கெடந்திருக்கும். நம்ம வண்டி நிழல்லதான நிக்கிது. அதுவும் கவர்மெண்டு ஸ்டிக்கரு. செக்கிங்ல கேட்டா நான் என்னன்னு சொல்ல?”

“சௌரிராஜன் சொன்னாருன்னு சொல்லு.”

சம்மதித்தவர்கள் ஆறு பேர். ஆறு கார்களின் சாவிகளையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அழகுமலை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். மேலிருந்து கீழே மூன்று கீறல், குறுக்கே மூன்று கீறல். கை நடுங்காத ஆள். கோடு கிழித்த மாதிரி இருந்தது.

சௌரிராஜனின் மனைவி கனகலட்சுமி காபியோடு இறங்கி வந்தாள். கணவருக்கும் ராகேஷுக்கும் எவர்சில்வர் டம்ளர், அழகுமலைக்குக் காகிதக் கப். கொடுத்துவிட்டுக் காருக்குள் குனிந்து பார்த்தவள் முகம் சுளித்தாள்.

“என்ன அழகு, கண்ணாடி விரிசல் விட்ட மாதிரி இருக்கு?”

“கண்ணாடிக்கு ஒண்ணுமில்லம்மா. ஸ்டிக்கர்லதான்.”

“பாக்குறதுக்கு விரிசல்தானே?”

“அவளுக்குத் தும்முனாலும் அபசகுனம்,” என்றார் சௌரிராஜன். “நீ அடுத்த வண்டிக்குப் போ.”

கனகலட்சுமி வீட்டில் விரிசல் விட்ட கண்ணாடி ஒரு நாள் தங்காது. விளிம்பு உடைந்த தட்டும் தங்காது. மகன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் அலமாரிக் கண்ணாடியில் மயிரிழை விரிசல் கண்டு, அலமாரியையே வெளியேற்றியவள். அடுத்த புதன்கிழமை பேத்தி ஸ்ரீவர்ஷினிக்குப் பரமக்குடியில் நிச்சயதார்த்தம். வாந்தி வருமென்று பேத்தி எப்போதும் முன்பக்கம் இடது இருக்கையில்தான் உட்காருவாள். நிச்சயத்துக்குப் போகிற பெண்ணின் கண்ணெதிரே இரண்டு மணி நேரம் அந்த ஆறு கீறல்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கணவர் நடக்கப் போயிருந்த நேரம், கனகலட்சுமி ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். கையில் தேங்காயெண்ணெய்க் கிண்ணமும் பழைய துணியும். எண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் விட்டு நகத்தால் நெம்பினாள். கீறி வைத்திருந்ததால் சுலபமாக வந்தது. ஒவ்வொரு துண்டாக உரித்து, கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்து, துண்டுகளை வாடிய பூவோடு சேர்த்துக் குப்பையில் போட்டாள். ஒட்டுகிறவன் இன்னொன்று ஒட்டித் தருவான், கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நிச்சயம் நல்லபடி முடிந்தது. மாப்பிள்ளை வீட்டு மைசூர்பாகு பற்றித்தான் மூன்று நாள் பேச்சு. ஸ்டிக்கர் அவள் நினைவிலேயே இல்லை.

திங்கட்கிழமை காலை கீழேயிருந்து சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தபோது, சௌரிராஜன் காரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ராகேஷும் இன்னும் நாலு பேரும் கூடியிருந்தார்கள்.

“துண்டு கூட இல்ல! தொடச்சு வச்ச மாதிரி எடுத்திருக்கான். கண்ணாடி உடையல, பூட்டு உடையல. அப்ப சாவி வச்சிருக்கவன்தானே?”

“சாவி யார்கிட்ட இருக்கு அங்கிள்?”

“ஒண்ணு எங்க வீட்டு ஆணியில. இன்னொண்ணு இந்தா நிக்கிறானே, இவன்கிட்ட.”

அழகுமலை கையில் துடைக்கிற துணியோடு நின்றார். “நிச்சயத்துக்குப் போன அன்னைக்கே நான் பாத்தேன்ய்யா. நீங்கதான் எடுத்துட்டீகளாக்கும்னு நெனச்சேன்.”

“பாத்தவன் ஏன் சொல்லல?”

“விசேசத்துக்குப் போற நேரத்துல எதுக்குன்னுதான்...”

“ஆறு வண்டி ஸ்டிக்கரையும் கையில தொட்டுப் பாத்தவன் நீ ஒருத்தன்தான்.”

படியில் நின்ற கனகலட்சுமியின் வாய் திறந்தது. ஆனால் ராகேஷ் இருந்தான், அந்த நாலு பேர் இருந்தார்கள். செயலாளர் பெண்டாட்டியே எண்ணெய் போட்டு உரித்தாளாம் என்று பதினாறு வீட்டிலும் சிரிப்பார்கள். மேலே வந்ததும் சொல்லிவிடலாம் என்று இருந்தாள்.

மேலே வந்ததும் அவர் போனை எடுத்தார். வேறு ஸ்டிக்கர் வாங்க வேண்டுமானால் போலீஸில் புகார் கொடுத்த ரசீது வேண்டும் என்று கார் விற்ற கடையில் சொன்னார்கள். உடனே தாளை எடுத்து எழுத உட்கார்ந்துவிட்டார்.

“நான் ஒண்ணு சொல்லணும்,” என்றாள்.

“பன்னெண்டு மணிக்குள்ள ஸ்டேஷனுக்குப் போகணும். நீயும் கெளம்பு, வண்டியில சொல்லு.”

அழகுமலைதான் ஓட்டினார். வேறு யார் ஓட்டுவார்கள்?

காருக்குள் ஏறியதும் கணவன் மனைவி பேச்சு சௌராஷ்டிரத்துக்கு மாறிவிடும். வீட்டு மொழி. ஜன்னலை ஏற்றி விடுவது போல அதுவும் ஒரு பழக்கம். முன்னால் இருப்பவருக்குக் கேட்கும், புரியாது.

“அவன் பேரைத்தான் எழுதியிருக்கேன்,” என்றார் சௌரிராஜன் அந்த மொழியில்.

“யார் பேரை?”

“முன்னால உக்காந்திருக்கானே, அவன் பேரை. சந்தேகப்படும் நபர்னு போட்டுக் கையெழுத்தும் போட்டாச்சு.”

“வேண்டாம்,” என்றாள் கனகலட்சுமி. “அவன் எடுக்கல.”

“நீ பாத்தியா?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: “அவன் மக முத்துச்செல்விக்குப் போலீஸ் வேலை கெடச்சிருக்கு. எழுத்துப் பரிச்சை, ஓட்டம் எல்லாம் முடிஞ்சு இந்த வாரம்தான் விசாரிக்க வர்றாங்களாம். அப்பன் பேரு திருட்டுக் கேசுல இருந்தா அந்தப் பொண்ணு என்ன ஆகும்?”

“அத எடுக்கும்போது அவன் யோசிச்சிருக்கணும். அந்த ஆளுகள நீ எம்புட்டு நல்லா வச்சிருந்தாலும் கடைசியில இதான்.”

காளவாசல் சிக்னலில் கார் நின்றது. அழகுமலை திரும்பவில்லை. கண்ணாடியில் கூடப் பார்க்கவில்லை. பச்சை விழுந்ததும் வண்டியை எடுத்தார். ஸ்டேஷனுக்கு எதிரே வேப்பமரத்தடியில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இருக்கையில் முழுவதுமாகத் திரும்பி உட்கார்ந்தார். பிறகு பேசினார். சௌராஷ்டிரத்தில் பேசினார். குழந்தை பேசுவது மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக வைத்து, தப்பும் தவறுமாக, ஆனால் தெளிவாக.

“என் பேரை எழுதாதீங்க. வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வர்றாங்க. நான் எடுக்கல. என் புள்ளைய அழிச்சிராதீங்க.”

வெளியே மினிபஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“உனக்கு...” என்று தமிழில் ஆரம்பித்தார் சௌரிராஜன். “உனக்கு எங்க பாஷை தெரியுமா?”

“பதினோரு வருசம் முதுகுக்குப் பின்னால கேட்டுட்டே இருந்தா கல்லுக்கும் வருங்கய்யா,” என்று அழகுமலையும் தமிழுக்கு வந்தார்.

கனகலட்சுமிக்கு அந்தப் பின்னிருக்கையில் பேசியது எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுந்தது. வெயில் காலத்தில் அழகுமலையின் சட்டை நாற்றம் பற்றிச் சொன்னது. அவர் மனைவி தங்கப்பொண்ணு கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, லீவு கேட்க இவர்களுக்கு ஒரு சாக்கு என்று சொன்னது. அதைச் சொன்னது கணவர் அல்ல. அவள்தான். மறுநாள் காலை எட்டு மணிக்கு அழகுமலை வழக்கம்போல் வந்து கதவைத் திறந்துவிட்டது இப்போது நினைவுக்கு வந்தது.

சௌரிராஜனின் காது மடல் சிவந்தது. “அப்ப இம்புட்டு நாளா ஒட்டுக் கேட்டிருக்க. தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லல. இதையே மறைச்சு வச்சவன் வேற என்னெல்லாம் மறைச்சிருப்ப?”

“எப்படிங்கய்யா சொல்ல? தெரியும்னு சொல்லியிருந்தா அன்னைக்கே வேலைய விட்டு நிறுத்தியிருப்பீக.”

“கனகா, இதுக்கு மேல உனக்கு என்ன சாட்சி வேணும்?” கதவைத் திறந்து இறங்கினார். தாளை மடித்துப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்து ஸ்டேஷனுக்குள் போய்விட்டார்.

கனகலட்சுமி வண்டிக்குள்ளேயே இருந்தாள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

“அழகு.”

“சொல்லுங்கம்மா.”

“நான்தான் எடுத்தேன்.”

“எத?”

“ஸ்டிக்கர. எண்ணெய் போட்டு உரிச்சேன். வர்ஷினி கண்ணு முன்னாடி விரிசலா இருக்கேன்னு. சொல்லலாம்னு பாத்தேன், அவரு...”

அழகுமலை ஸ்டியரிங் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபப்படுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் குரல் உயரவில்லை.

“எங்கிட்டச் சொல்லி என்னம்மா ஆகப்போகுது? நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும். காயிதம் அங்க போயிருச்சு. எந்திரிச்சுப் போங்க.”

“நாப்பத்தெட்டு வருசத்துல அவரை நாலு பேரு முன்னாடி எதுத்துப் பேசுனது இல்ல அழகு.”

“எம் மக ரெண்டு வருசமா விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சு ஏர்போர்ட் ரோட்டுல ஓடிருக்காம்மா. ஒரு நாளு நாய் கடிச்சும் ஓடிருக்கா. போங்க. புகாருக்கு நம்பர் போட்டுட்டாகன்னா ஒண்ணும் செய்ய முடியாது.”

அவளே கதவைத் திறந்தாள். இறங்கும்போது செருப்பு ஒன்று காருக்குள்ளேயே கிடந்தது. திரும்பி எடுத்து மாட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகச் சாலையைக் கடந்தாள்.

ஸ்டேஷனில் மேசைக்குப் பின்னால் தமிழ்ச்செல்வி என்று பெயர்ப்பட்டை குத்திய பெண் காவலர் அந்தத் தாளை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார்.

“சந்தேகப்படும் நபர், அழகுமலை, ஓட்டுநர், அவனியாபுரம்... அப்பா பேரு என்ன சார்? வீட்டு நம்பர் இல்ல?”

“அம்மா, அத எழுதாதீங்க,” என்றாள் கனகலட்சுமி, மூச்சு வாங்க.

“நீங்க யாரு?”

“இவரு வீட்டம்மா.”

சௌரிராஜன் திரும்பாமலே சௌராஷ்டிரத்தில் சொன்னார்: “வண்டியில போய் உக்காரு.”

“போகல,” என்றாள் அவள், தமிழில். “ஸ்டிக்கர யாரும் திருடல. நான்தான் உரிச்சேன். செவ்வாக்கெழம சாயங்காலம் தேங்காயெண்ணெய் போட்டு உரிச்சுக் குப்பையில போட்டேன்.”

பக்கத்து மேசைக்காரர் தலை நிமிர்ந்தார்.

“எதுக்கும்மா உரிச்சீங்க?”

“விரிசல் மாதிரி இருந்துச்சு. மறுநாள் பேத்திக்கு நிச்சயம்.”

பக்கத்து மேசையில் ஒரு சிரிப்பு வெடித்து, இருமலாக மாறியது.

“என்ன பேசுறேன்னு தெரிஞ்சு பேசுறியா?” என்றார் சௌரிராஜன், மறுபடியும் வீட்டு மொழியில், பல்லைக் கடித்துக்கொண்டு. “என் மானத்தை வாங்கத்தான் பின்னாலேயே வந்தியா?”

“தமிழ்ல சொல்லுங்க. அவங்களுக்கும் புரியட்டும்.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஸ்டிக்கர்ல விரிசல் எப்படிம்மா வரும்?” என்று கேட்டார் தமிழ்ச்செல்வி.

“பிளேடால கீறுனது.”

“யாரு கீறுனா?”

கனகலட்சுமி கணவரைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமினார். “நான்தான் டிரைவரக் கீறச் சொன்னேன்.”

“எதுக்கு சார்?”

“திருடு போகக் கூடாதுன்னு.”

தமிழ்ச்செல்வி பேனாவை மேசைமேல் வைத்தார். “சார், திருடனே இத்தன வேலை பாத்திருக்க மாட்டான். திருட்டும் இல்ல, திருடனும் இல்ல. ஒரு ஆளு பேர மட்டும் எழுதி எடுத்துட்டு வந்திருக்கீங்க. இந்தம்மா வந்து சொல்லலன்னா நாங்க சாயங்காலம் அவரு வீட்டு வாசல்ல ஜீப்ப நிறுத்தியிருப்போம், தெரியுமா?”

சௌரிராஜன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இதுக்கு இன்னும் நம்பர் போடல. திருப்பித் தாரேன். ஸ்டிக்கர் சேதமாயிருச்சுன்னு புதுசா ஒண்ணு எழுதிக் குடுங்க. உரிச்சவங்கதான் எழுதணும்.”

கனகலட்சுமி எழுதினாள். மளிகைச் சாமான் பட்டியல் தவிர அவள் வேறெதுவும் எழுதிப் பல வருடம் ஆகியிருந்தது. எழுத்து மேலும் கீழும் ஏறி இறங்கியது. ‘எங்கள் ஓட்டுநர் அழகுமலைக்கு’ என்று ஆரம்பித்து நிறுத்தினாள். அந்தப் பெயர் இந்த ஸ்டேஷனில் எந்தத் தாளிலும், நல்லதுக்குக் கூட இருக்க வேண்டாம் என்று தோன்றியது. வேறு தாள் கேட்டு வாங்கி, நான் என் கையால் உரித்தேன் என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முத்திரை குத்திய நகலைக் கொடுத்தார்கள். பழைய புகாரைச் சௌரிராஜன் எடுக்கக் கை நீட்டினார். அவள் முந்திக்கொண்டாள்.

அழகுமலை காருக்கு வெளியே வேப்பமரத்தில் சாய்ந்து நின்றிருந்தார். அவர்கள் வருவதைப் பார்த்ததும் நேராக நின்றார்.

“எழுதியாச்சாம்மா?”

“எழுதியாச்சு. உன் பேரு இல்ல.”

“பாக்கலாமா?”

கொடுத்தாள். உதடு அசைய இரண்டு தடவை படித்தார். முத்திரையின் தேதியை விரல் வைத்துப் பார்த்தார். போனை எடுத்து அந்த நகலைப் படம் பிடித்து, தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

“அந்தப் பழசு?”

இன்னொரு கையிலிருந்ததை நீட்டினாள். கிழித்துப் போடத்தான் கேட்கிறார் என்று நினைத்தாள். அவர் அதைப் படிக்கவில்லை. நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“எதுக்கு அழகு அது? கிழிச்சிரலாமே.”

“எம் பேரு எழுதுன காயிதம்மா. எங்கிட்டயே இருக்கட்டும்.”

இதையெல்லாம் பார்க்காத மாதிரி சௌரிராஜன் பின்கதவைத் திறந்து வழக்கமான இடத்தில் ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்திக்கொண்டார்.

அழகுமலை சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

“ஐயாகிட்டச் சொல்லிருங்க. வாரேன்மா.”

“முத்துச்செல்விக்கு வேலை நல்லபடியா...” என்று ஆரம்பித்தாள். முடிப்பதற்குள் அவர் சாலையின் அந்தப் பக்கம் போயிருந்தார். பெரியார் நிலையம் போகிற பஸ் ஒன்று நின்றது, எடுத்தது. அவர் இருந்த இடத்தில் யாரும் இல்லை.

மரத்து நிழல் காரை விட்டு விலக ஆரம்பித்திருந்தது. கணவன் மனைவி இருவருக்கும் ஓட்டத் தெரியாது. சௌரிராஜன் கதவைக் கொஞ்சம் திறந்தார்.

“கோகுலுக்குப் போன் போடு. வந்து எடுத்துட்டுப் போகட்டும்.”

“என்னன்னு சொல்ல?”

“டிரைவர் நின்னுட்டான்னு சொல்லு.”

“ஏன் நின்னுட்டான்னு கேப்பான்.”

அவர் முன்னிருக்கையைப் பார்த்தபடி இருந்தார். அவள் காருக்குள் ஏறவில்லை. வெயிலில் நின்றபடியே மகனின் எண்ணைத் தேடினாள். மணி அடித்தது. “சொல்லுங்கம்மா,” என்றான் கோகுல்நாத். பின்னால் கடையின் இரைச்சல் கேட்டது.

“ஸ்டேஷன்ல இருந்து பேசுறேன்பா,” என்றாள் கனகலட்சுமி. “மொதல்ல நான் செஞ்சதச் சொல்றேன், கேளு.”